புகுந்த நாட்டிடம் கேட்ட கேள்வி: பெஸ்ஸி ஹெட் விட்டுச்சென்றவை



நினைவுச் சொற்பொழிவு என்றால் படத்துக்கு மாலை போட்டு, பெருமையைப் பேசி, தேநீர் குடித்துவிட்டுக் கலைவது என்று பல இடங்களில் ஆகிவிட்டது. குற்றாலத்தில் சாரல் காலத்தில் கூட்டம் வைத்தால் ஆட்கள் வருவார்கள் என்ற கணக்கும் அதில் சேர்ந்துகொள்ளும். தென்காசியிலும் குற்றாலத்திலும் இதுவரை கூடிய நாம் அப்படிக் கலைந்ததில்லை என்பதே இந்த மேடையின் பெருமை. இந்த ஆண்டு ஒரு நேரடியான கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். ஓர் எழுத்தாளர் இறந்தபின் எதை விட்டுச்செல்கிறார்? விட்டுச்சென்றதை வைத்து மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

இதற்காக நாம் எடுத்துக்கொள்ளும் எழுத்தாளர் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பெஸ்ஸி ஹெட். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். பக்கத்து நாடான போட்ஸ்வானாவுக்கு 26 வயதில் போய், அங்கேயே எழுதி, அங்கேயே 1986 ஏப்ரல் 17 அன்று 48 வயதில் இறந்தவர். பெண்ணுக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு என்று இரண்டு உண்டு என்பார்கள் நம் ஊரில். பெஸ்ஸி ஹெட்டுக்கு போட்ஸ்வானா புகுந்த நாடு. புகுந்த வீட்டில் நடப்பதை வெளியே சொல்லக்கூடாது என்றுதான் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர் சொன்னார். அந்த நாட்டுக்குள் ஒரு தீண்டாமை இருக்கிறது என்று, அந்த நாட்டின் சோற்றைத் தின்றுகொண்டே எழுதினார். அவர் விட்டுச்சென்றவற்றுள் பெரியது அதுதான் என்பது நம் வாதம்.

பிறப்பே சட்டவிரோதம்

பெஸ்ஸி ஹெட் 1937 ஜூலை 6 அன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். 1893இல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட நகரம் என்று பாடப்புத்தகத்தில் நாம் படித்த அதே ஊர். அவருடைய தாய் வெள்ளைப் பெண். தந்தை கறுப்பர்; அவருடைய பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. வெள்ளையரும் கறுப்பரும் திருமணத்துக்கு வெளியே உறவு கொள்வதைக் குற்றமாக்கிய சட்டம் 1927இலேயே அங்கே வந்துவிட்டது. தாய் அப்போது மனநல மருத்துவமனையில் இருந்தார். குழந்தை பிறந்தது அங்கேதான். தாயின் பெயரையே குழந்தைக்கும் வைத்தார்கள்.

முதலில் ஒரு வெள்ளைக் குடும்பம் குழந்தையை வளர்க்க வாங்கிக்கொண்டது. நிறத்தைப் பார்த்துவிட்டு விரைவிலேயே திருப்பிக் கொடுத்தது. பிறகு 'கலப்பினத்தார்' என்று அரசு வகைப்படுத்திய சமூகத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் வளர்த்தது. பதின்மூன்று வயதுக்குள் அங்கிருந்தும் பிரித்து, டர்பன் அருகே ஓர் ஆங்கிலிகன் திருச்சபை விடுதியில் சேர்த்தார்கள். தன்னை வளர்த்தவர் தன் தாய் அல்ல என்பதே அங்கே போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

டர்பன் என்றதும் நமக்கு இன்னொரு தொடர்பு நினைவுக்கு வர வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை அந்தத் துறைமுகத்தில்தான் இறக்கியது. அதற்குப் பின் அரை நூற்றாண்டுக் காலம் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களில் தமிழர்களும் தெலுங்கர்களும் ஏராளம். அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர். செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் வரும் கொல்லத்திலிருந்து 1890இல் ஒப்பந்தக் கூலியாகப் போனவர் எம்.எல். சுல்தான். பின்னால் வணிகராகி, கல்விக்காகப் பெரும் நன்கொடை கொடுத்தார். அவர் பெயரில் டர்பனில் இருந்த நூலகத்தில்தான் இளம் ஆசிரியையாக இருந்த பெஸ்ஸி தேடித் தேடிப் படித்தார். வெள்ளையர் நூலகங்களின் கதவு அவருக்கு மூடியிருந்தது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூலியாகப் போன ஒருவரின் பெயர் தாங்கிய நூலகம் திறந்திருந்தது.

ஆசிரியை வேலையை விட்டு, ஜோகன்னஸ்பர்க்கில் பத்திரிகையாளரானார். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் 69 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்ற காலம் அது. அவர் பான் ஆப்பிரிக்கன் காங்கிரஸில் சேர்ந்தார், கைதானார். 1961இல் திருமணம் செய்தார், அது நிலைக்கவில்லை. 1964இல் கைக்குழந்தைப் பருவம் தாண்டாத மகனுடன், செரோவே என்ற ஊரில் ஆசிரியை வேலை கிடைத்து எல்லையைத் தாண்டினார். பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. வெளியேறும் அனுமதிச் சீட்டுதான் கிடைத்தது. போகலாம், திரும்பி வரக்கூடாது என்பது அந்தச் சீட்டின் பொருள்.

புகுந்த நாட்டில்

செரோவே வறண்ட நிலம். மண்சுவரும் புல்கூரையுமாக வட்ட வீடுகள் நிறைந்த, ஆப்பிரிக்காவின் பெரிய கிராமங்களில் ஒன்று. நாடு அப்போது பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தது. 1966 செப்டம்பர் 30 அன்று போட்ஸ்வானா என்ற பெயரில் விடுதலை பெற்றது. புதிய நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமா இதே செரோவே அரச குடும்பத்தவர்.

பள்ளியில் பிணக்கு ஏற்பட்டு பெஸ்ஸி ஹெட்டுக்கு வேலை போயிற்று. பிறகு அவர் வெறும் அகதி. காவல் நிலையத்தில் தவறாமல் ஆஜராக வேண்டிய அகதி. அந்த நிலையில் 1968இல் 'மழை மேகங்கள் திரளும்போது' என்ற முதல் நாவல் வந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து தப்பி வரும் ஓர் இளைஞன் போட்ஸ்வானாவின் ஒரு கிராமத்தில், பெண்களோடு சேர்ந்து கூட்டுறவு விவசாயத்தில் இறங்குகிற கதை. அந்த நூலில் வந்த பணத்தில் செரோவேயில் ஒரு சின்ன வீடு கட்டினார். வீட்டுக்கு 'மழை மேகங்கள்' என்றே பெயர் வைத்தார். அந்த நாட்டில் மழைக்குச் சொல்லும் 'பூலா' என்ற சொல்தான் வாழ்த்துச் சொல். அதன் நாணயத்துக்கும் அதே பெயர். நம் கரிசல் காட்டு மானாவாரி விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1971இல் 'மாரு'. அதே ஆண்டு மனம் உடைந்து லொபாட்சே மனநல மருத்துவமனையில் இருந்தார். தாய் இருந்தது போன்ற ஓர் இடத்தில் மகளும் இருக்க நேர்ந்தது. அந்த அனுபவத்தை மறைக்காமல் 1973இல் 'அதிகாரம் பற்றிய ஒரு கேள்வி' நாவலை எழுதினார். அதில் வரும் எலிசபெத் என்ற பெண், சித்தம் கலங்கிய நாட்களிலும் ஊர்ப் பெண்களுடன் தோட்டத்தில் வேலை செய்கிறாள். அங்கே கேப் கூஸ்பெர்ரி என்ற வெளிநாட்டுச் செடியை வளர்த்து ஜாம் காய்ச்சுகிறார்கள். நம் வரப்போரங்களில் தானே முளைக்கும் சொடக்குத் தக்காளியின் இனம் அது. வெளியிலிருந்து வந்த செடி ஊர் மண்ணில் பிடித்துக்கொள்வதைச் சொல்லி, வெளியிலிருந்து வந்த பெண்ணையும் சொல்லிவிடுகிறார். நிஜத்திலும் ஸ்வானெங்கில் நடந்த கூட்டுறவு முயற்சியின் தோட்டத்தில் அவர் மண் கிளறி வேலை செய்தவர்தான்.

'மாரு': இன்னொரு மொழியில் தீண்டாமை

கலகாரி பாலைவனத்தின் ஆதிக்குடிகளை ஐரோப்பியர்கள் 'புஷ்மென்' என்றார்கள். பெரும்பான்மையான ட்ஸ்வானா மக்கள் 'மசர்வா' என்றார்கள். ட்ஸ்வானா மொழியில் மக்கள் கூட்டத்தைக் குறிக்க முன்னால் 'ப' சேர்ப்பார்கள். நாட்டு மக்கள் 'பட்ஸ்வானா'. ஆனால் இந்த மக்களைச் சொல்லும்போது மட்டும் 'ம' சேர்த்தார்கள். பொருள்களுக்கும், மதிப்புக் குறைந்தவர்களாகவோ அந்நியர்களாகவோ கருதியவர்களுக்கும் ஆன முன்னொட்டு அது. பிற்காலத்தில்தான் 'பசர்வா' என்று திருத்தினார்கள்.

தமிழில் இது எப்படி என்று கேட்க வேண்டியதே இல்லை. எழுபது வயதுத் தலித் முதியவரை ஆதிக்கச் சாதி வீட்டு எட்டு வயதுப் பையன் 'வாடா, போடா' என்று கூப்பிட்டதும், அவர் 'சாமி' என்று பதில் சொல்ல வேண்டியிருந்ததும் நமக்குத் தெரிந்த கதை. 'வந்தார்' என்பதற்கும் 'வந்தான்' என்பதற்கும் நடுவில் இருக்கும் ஒற்றை எழுத்தில் சாதி உட்கார்ந்திருக்கிறது. அவர்களிடம் 'ப'வும் 'ம'வும். இலக்கணம் யாருக்கும் நடுநிலையானதல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

சொல்லோடு நிற்கவில்லை. மசர்வா குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ட்ஸ்வானா மாட்டுக்காரர்களின் அடிமைகளாக இருந்தார்கள். மாட்டு மந்தையோடு சேர்த்து அப்பனிடமிருந்து மகனுக்குச் சொத்தாகக் கைமாறினார்கள். பண்ணையாள் முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 1931இல் பிரிட்டிஷ் நிர்வாகம் இதற்காக ஒரு விசாரணையே நடத்த வேண்டி வந்தது.

'மாரு' நாவலின் கதை சுருக்கமாக இது. வழியோரத்தில் ஒரு மசர்வாப் பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு இறந்துபோகிறாள். மிஷன் பள்ளியோடு தொடர்புடைய ஒரு வெள்ளைப் பெண்மணி குழந்தையை எடுத்து வளர்த்து, மார்கரெட் காட்மோர் என்ற தன் பெயரையே வைக்கிறாள். பெண் படித்து ஆசிரியையாகி டிலேபே என்ற ஊருக்கு வருகிறாள். நிறத்தையும் ஆங்கிலப் பேச்சையும் பார்த்தவர்கள் அவளைக் கலப்பினத்தவள் என்று நினைக்கிறார்கள். அப்படியே விட்டுவிட்டால் அவளுக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் கேட்டவர்களிடம் தான் மசர்வா என்று சொல்கிறாள். ஊர் கொதிக்கிறது. ஒரு மசர்வா நம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதா என்று தலைமை ஆசிரியரே மாணவர்களைத் தூண்டிவிடுகிறார். அடுத்த தலைவராக வேண்டிய மாரு அவள்மேல் காதல் கொண்டு, பதவியைத் துறந்து, அவளைத் திருமணம் செய்து வெகுதூரம் போய்விடுகிறான்.

இந்த நாவல் எடுத்துவைக்கும் அரசியல் வாதம் எளிமையானது. ஆனால் 1971இல் துணிச்சலானது. வெள்ளையர் கறுப்பரை இழிவுபடுத்தினர். அது உலகறிந்த செய்தி. அப்படி இழிவுபட்ட கறுப்பர் தமக்குக் கீழே ஒருவரை வைத்துக்கொண்டு அதே இழிவைச் செய்தனர். நிறவெறி ஆட்சியிலிருந்து ஓடிவந்த ஒருவர், அடைக்கலம் தந்த கறுப்பின நாட்டைப் பார்த்து இதை எழுதினார். விடுதலை பெற்று ஐந்தே ஆண்டு ஆன நாடு. உலகமே அதைப் பாராட்டிக்கொண்டிருந்த நேரம். இப்போது எழுதலாமா, எதிரிக்கு இது ஆயுதம் ஆகாதா என்று யாரும் கேட்டிருப்பார்கள். நம் இயக்கங்களில் நாமும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

நாவலை விமர்சனமில்லாமல் ஏற்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மார்கரெட்டை மீட்பவன் தலைவர் குடும்பத்து ஆண். அவளைக் கேட்காமலே அவள் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறான். மசர்வா மக்கள் தாங்களாகச் சேர்ந்து எதையும் செய்வதாகக் கதையில் இல்லை. செரெட்சே காமா 1948இல் ஒரு வெள்ளைப் பெண்ணை மணந்ததும், நாடு கடத்தப்பட்டதும், பட்டத்தைத் துறந்தே ஊர் திரும்ப முடிந்ததும் அன்றைய வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும். மாருவின் தியாகம் அந்த நினைவின்மேல்தான் நிற்கிறது. சாதி ஒழிப்பை ஒரு கலப்பு மணத்தோடு முடித்துவிட முடியாது என்று அம்பேத்கரைப் படித்த நமக்குத் தெரியும். இருந்தாலும், மறைத்து வாழ வழி இருந்தும் ஒரு பெண் தன் அடையாளத்தைத் தானே வாய்விட்டுச் சொல்கிற அந்த ஓர் இடம் போதும், இந்த நாவல் நம் அலமாரியில் இருக்க. நகரத்தில் வாடகை வீடு தேடும்போதும், கல்லூரி விடுதியில் சேரும்போதும், 'நீங்க எந்த ஊர்ப்பக்கம், எந்தத் தெரு' என்று சுற்றி வளைத்துக் கேட்கப்படும் ஒவ்வொரு மாணவருக்கும் அந்த இடம் புரியும்.

நமக்குக் கீழே இருக்கும் படி

சாதி என்பது மேலே போகப்போக மரியாதையும் கீழே போகப்போக இழிவும் கூடுகிற படிக்கட்டு என்று அம்பேத்கர் விளக்கினார். ஒவ்வொருவருக்கும் கீழே மிதிக்க ஒருவர் இருப்பதால்தான் அந்தப் படிக்கட்டு இடியாமல் நிற்கிறது. பெஸ்ஸி ஹெட் அம்பேத்கரைப் படித்திருந்தாரா என்பது இங்கே முக்கியமில்லை. இருவரும் ஒரே எந்திரத்தைத்தான் பார்த்தார்கள்.

தமிழில் இதற்கு நிகராக 1994இல் வந்தது இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'. தலித் குடியிருப்புகளுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை. வெளுப்பதும், பிறப்பு இறப்புச் சடங்குகளில் ஊழியம் செய்வதும், இரவில் வாசல் வாசலாகச் சோறு வாங்குவதும்தான் அவர்கள் வாழ்வு. அவர்களுக்குச் சோறு போட மறுப்பவர்களும் அவமதிப்பவர்களும் தலித்துகளே. அந்த நாவல் வந்தபோது தலித் விமர்சகர்களிடையே கடும் விவாதம் நடந்தது. நம்மை நாமே காட்டிக்கொடுப்பதா என்று ஒரு தரப்பு கேட்டது. போட்ஸ்வானாவிடம் பெஸ்ஸி ஹெட் வைத்த அதே கேள்வி நம் வாசலுக்கு வந்திருந்தது.

அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. அருந்ததியருக்குப் பட்டியல் சாதி ஒதுக்கீடான 18 சதவீதத்துக்குள் 3 சதவீதம் உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2009இல் தமிழ்நாட்டில் வந்தது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்தது. தீர்ப்பின் விவரங்களில், குறிப்பாக வசதி படைத்தோரை விலக்குவது பற்றிய கருத்துகளில், நாம் சட்டபூர்வமாக வாதாடலாம், வாதாட வேண்டும். ஆனால் மலக்குழியில் இறங்கிச் சாகிறவர் பெரும்பாலும் எந்தச் சாதி என்று தெரிந்துகொண்டே, உள் ஒதுக்கீடு கேட்பவரைப் 'பிரிவினைவாதி' என்று நம் மேடையில் ஒருவர் சொன்னால், அவர் டிலேபே ஊர்த் தலைமை ஆசிரியரின் பக்கத்தில் போய் நிற்கிறார்.

ஊர் சொல்லி எழுதிய புத்தகம்

பெஸ்ஸி ஹெட் விட்டுச்சென்ற இரண்டாவது பெரிய சொத்து 'செரோவே: மழைக்காற்றின் கிராமம்' என்ற நூல். வெளிவந்த ஆண்டு 1981. செரோவே ஊர்க்காரர்கள் ஏறத்தாழ நூறு பேரிடம் உட்கார்ந்து பேசி, அவர்கள் சொன்னதை அவர்கள் வாயாலேயே சொல்ல விட்டார். பானை வனைபவர், கூரை வேய்பவர், கூடை முடைபவர், ஆசிரியர், மிகவும் வயதான முதியவர்கள் என்று பலரும் அதில் பேசுகிறார்கள். மணப்பெண்ணுக்காகக் கொடுக்கும் மாடுகளை மூன்றாம் காமா என்ற அரசர் ஏன் நிறுத்தினார், அதனால் குடும்பம் எப்படி மாறியது, ஊர் கூடிப் பள்ளி கட்டியது எப்படி என்பதெல்லாம் அரசாங்கக் கோப்பிலிருந்து வரவில்லை; திண்ணைப் பேச்சிலிருந்து வந்தன. அந்தப் பேச்சுகளில் கேட்ட பெண்களின் துயரங்கள் 1977இல் 'பொக்கிஷங்களைச் சேர்ப்பவள்' என்ற சிறுகதைத் தொகுப்பாயின.

1981 என்றதும் இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது வேறொரு ஊர். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், இங்கிருந்து பேருந்தில் போய்விடும் தொலைவில் உள்ள மீனாட்சிபுரம். அந்த ஆண்டு பிப்ரவரி 19 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் அங்கே இஸ்லாத்தைத் தழுவின. ஊர் ரஹ்மத் நகர் ஆயிற்று. அதன்பின் அந்தச் சின்ன ஊருக்கு வராதவர்கள் இல்லை. தேசியத் தலைவர்கள் வந்தார்கள். பத்திரிகையாளர்கள் வந்தார்கள். விசாரணைக் குழுக்கள் வந்தன. எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: ஏன் மாறினீர்கள், பணம் வாங்கினீர்களா? தேநீர்க் கடையில் தனிக் குவளையும், போலீஸ் அடியும், பெயர் சொல்லிக் கூப்பிடும் விதமும் ஒருவரை என்ன செய்யும் என்று பொறுமையாகக் கேட்டவர்கள் குறைவு.

பின்னாளில் அன்வர் பாலசிங்கம் 'கருப்பாயி என்கிற நூர்ஜஹான்' நாவலில், மாறிய குடும்பங்களின் பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்ற சங்கடமான கேள்வியை எடுத்தார். அது இந்தப் பகுதியிலிருந்தே வந்த முக்கியமான படைப்பு. ஆனால் ஒரு நாவல் மட்டும் ஒரு ஊரின் நினைவைத் தாங்க முடியாது. அன்று முப்பது வயதில் இருந்தவருக்கு இன்று எழுபதைத் தாண்டியிருக்கும். செரோவேக்குக் கிடைத்தது போல, நூறு குரல்கள் கொண்ட ஒரு நூல் மீனாட்சிபுரத்துக்கும் வேண்டும். மாறியவர்களும், மாறாமல் இருந்தவர்களும், மாறிவிட்டுத் திரும்பியவர்களும், எதிர்த்தவர்களும் அதில் பேச வேண்டும்.

பதினைந்து ஆண்டு காத்திருப்பு

இவ்வளவு எழுதியவரைப் புகுந்த நாடு எப்படி வைத்திருந்தது? 1977இல் குடியுரிமை கேட்டபோது மறுத்தது. 1979இல்தான் கொடுத்தது. எல்லை தாண்டி வந்து பதினைந்து ஆண்டுகள். அதற்குப்பின் அவர் உயிரோடிருந்தது ஏழு ஆண்டுகள்.

1964 என்ற ஆண்டு நமக்கும் எல்லைகளின் ஆண்டு. பெஸ்ஸி ஹெட் திரும்ப முடியாத சீட்டோடு கிளம்பிய அதே ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கை மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வதாக இரண்டு அரசுகள் பங்கு போட்டன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. தலித்துகள் பெரும் பங்கினர். 1983 இனப்படுகொலைக்குப்பின் வந்த அகதிகளின் பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இன்னும் குடியுரிமை இல்லாமல் முகாம்களில் இருக்கிறார்கள். 2021இல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்லதுதான். ஆனால் 2019ஆம் ஆண்டு குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் பட்டியலில் இலங்கை இல்லை. பெஸ்ஸி ஹெட்டின் பதினைந்து ஆண்டுகளைக் கேட்டு நாம் வருந்தினால், நாற்பது ஆண்டுகளைக் கடந்தவர்கள் நம் மாநிலத்திலேயே இருப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் மண்ணில் வந்து முடிந்த ஒரு எழுத்தாளர் வாழ்வும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தீண்டாமையைப் 'பஞ்சமர்' முதலான நாவல்களில் எழுதிய கே. டானியல், பெஸ்ஸி ஹெட் இறந்த அதே 1986இல், அதற்கு முந்தைய மார்ச் மாதத்தில், தஞ்சாவூரில் இறந்தார். தமிழ்நாட்டில் தலித் இலக்கியம் என்ற பெயர் பரவும் முன்பே அதை எழுதிவிட்டவர். அவரை நம் முன்னோடி என்கிறோம். அவருடைய நாவல்களில் எத்தனையை நம் மாணவர்கள் படித்திருக்கிறார்கள் என்று கேட்டால்தான் முன்னோடி என்ற சொல்லுக்கு நாம் கொடுத்திருக்கும் மதிப்பு தெரியும்.

பெஸ்ஸி ஹெட்டுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் கவனிப்போம். அவருடைய கடிதங்களும் கையெழுத்துப் படிகளும் செரோவேயில் உள்ள மூன்றாம் காமா நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. லண்டனுக்கோ அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கோ போகவில்லை. அவரைப் பற்றி ஆராய நினைப்பவர் அந்தக் கிராமத்துக்குத்தான் போக வேண்டும். 2007இல் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, போட்ஸ்வானாவின் எழுத்தாளர்களுக்கு இலக்கியப் பரிசு வழங்கும் ஏற்பாடும் வந்தது. பிறந்த நாடும் விடவில்லை. 2003இல் தென்னாப்பிரிக்கா உயரிய விருதை அவர் மறைவுக்குப்பின் அறிவித்தது. 2007இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர நூலகத்துக்கு அவர் பெயரையே வைத்தது. திரும்பி வரக்கூடாது என்று சீட்டுக் கொடுத்த நாட்டில், அவர் பிறந்த ஊரில், அவர் பெயர்ப் பலகை தொங்குகிறது.

இத்தனை மரியாதைகளுக்கும் நடுவில் 'மாரு' எழுப்பிய கேள்வி என்ன ஆயிற்று? மத்திய கலகாரி வனக் காப்பகத்திலிருந்து 1997இலும் 2002இலும் பசர்வா மக்களை அரசு வெளியேற்றியது. அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2006 டிசம்பரில் அந்த நாட்டின் உயர் நீதிமன்றம், வெளியேற்றியது தவறு, அவர்கள் தங்கள் நிலத்துக்குத் திரும்பலாம் என்று தீர்ப்பளித்தது. இந்த முறை மீட்க எந்தத் தலைவர் மகனும் வரவில்லை. மக்களே மனுதாரர்கள். நாவல் கற்பனை செய்யத் தவறிய இடத்தை அவர்கள் நிஜத்தில் நிரப்பினார்கள். எழுத்தாளரைக் கொண்டாடிக்கொண்டே அவர் யாருக்காக எழுதினாரோ அவர்களை வெளியேற்ற ஓர் அரசால் முடியும் என்பதையும் இது காட்டுகிறது. அம்பேத்கருக்குச் சிலை வைத்துவிட்டு, அந்தச் சிலைக்கே கம்பிக்கூண்டு போட்டிருக்கும் ஊர்களைக் கடந்துதான் நாம் இந்தக் கூட்டத்துக்கு வந்தோம்.

நாம் செய்ய வேண்டியவை

ஆகவே மூன்று வேலைகளை இந்த மேடையில் முன்வைக்கிறோம்.

முதலாவது, சேகரிப்பு. நம் முன்னோடிகளின் கடிதங்கள், துண்டறிக்கைகள், சிற்றிதழ்கள், மாநாட்டு நோட்டீஸ்கள் எல்லாம் பரணில் கரையான் தின்றுகொண்டிருக்கின்றன. வெளியூர்ப் பல்கலைக்கழகம் வந்து எடுத்துப்போகும்வரை காத்திருக்க வேண்டாம். ஓர் அலமாரி, ஒரு பதிவேடு, கைப்பேசியில் படமெடுக்கத் தெரிந்த இரண்டு மாணவர்கள் இருந்தால் தொடங்கலாம்.

இரண்டாவது, ஊர்க் குரல்களைப் பதிவது. மீனாட்சிபுரத்திலிருந்து தொடங்குவோம். பீடி சுற்றும் பெண்கள், செங்கல் சூளைத் தொழிலாளர்கள், தோட்டக்காட்டிலிருந்து திரும்பியவர்கள் என்று அது விரியட்டும். பதில் ஏற்கெனவே தெரிந்ததுபோல் கேள்வி கேட்கக் கூடாது. சொன்னவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே அச்சுக்குப் போக வேண்டும். பெயர் வேண்டாம் என்றால் பெயர் வேண்டாம்.

மூன்றாவது, கடினமானது. நம் சேரிக்குள், நம் அமைப்புக்குள், நமக்குக் கீழே என்று நாம் வைத்திருப்பது யாரை? புதிரை வண்ணார் வீட்டில் நம்மில் எத்தனை பேர் சாப்பிட்டிருக்கிறோம்? அருந்ததியர் தோழருக்கு மேடையில் எத்தனையாவது நாற்காலி? நம் அமைப்புகளில் பெண்கள் நன்றியுரைக்கு மட்டும்தானா? இந்தக் கேள்விகளை எதிரி கேட்டால் நாம் கோபப்படுவோம். அதனால்தான் அவற்றை நாமே கேட்டு, நாமே எழுதிவிட வேண்டும்.

பெஸ்ஸி ஹெட்டின் நூல்கள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. 'மாரு' நூற்றைம்பது பக்கம்கூட இல்லாத சின்ன நாவல். இந்த உரை அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது, அதைக் கூடிப் படித்து விவாதிக்க ஒரு வட்டத்தைத் தென்காசியில் தொடங்கலாம் என்று முன்மொழிகிறோம். ஆங்கிலம் தடையாக இருப்பவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல, நம்மிடையே கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு சாரலுக்கு நாம் மீண்டும் கூடும்போது, இந்த மூன்று வேலைகளில் எது எவ்வளவு நடந்தது என்ற அறிக்கையோடு கூட்டத்தைத் தொடங்குவோம்.

ஜெய்பீம்.